துருப்பிடித்த பிரேக் டிஸ்க் கழன்று வரவில்லையா? எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள்

ஏற்காடு மலையில், நாகலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு ஒரு பழைய பிக்கப் உண்டு. 2004 மாடல். சேலத்திலிருந்து உரம் ஏற்றிக்கொண்டு மேலே வரும். மிளகும் காப்பிக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு கீழே போகும். இரண்டு மழைக்காலம் கொட்டகையில் சும்மா கிடந்த பிறகு, முன்பக்க டிஸ்க்கை மாற்றிவிடலாம் என்று நானே கழற்ற உட்கார்ந்தேன். காலை எட்டு மணிக்குச் சுத்தியை எடுத்தவன் பதினொன்றரை வரை அடித்தேன். டிஸ்க் இம்மிகூட அசையவில்லை. அடிவாரத்திலிருந்து வேறு வேலையாக மேலே வந்த மேஸ்திரி அண்ணன் குனிந்து பார்த்தார். வயர் பிரஷ்ஷை வாங்கி டிஸ்க்கின் நடு முகத்தில் நாலு தேய்ப்பு தேய்த்தார். துருவுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்க்ரூ தலை எட்டிப் பார்த்தது.

"தம்பி, நீ அடிக்கிற இடத்துல அது பிடிக்கவே இல்ல. இந்தா, இங்க பிடிச்சிருக்கு."

அன்றைக்கு நான் அடித்த அடியில் வீல் பேரிங்கும் போனது. அது தனிக் கணக்கு. அதற்குப் பிறகு எங்கள் வண்டி, பக்கத்துத் தோட்டத்து வண்டி, மச்சானின் வண்டி என்று சில டிஸ்க்குகளைக் கழற்றியாகிவிட்டது. டிஸ்க் வராததற்கு ஒரே காரணம் கிடையாது. சக்கரத்தில் பிடித்திருக்கலாம், காலிப்பரில் (பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் உறுப்பு) பிடித்திருக்கலாம், ஸ்க்ரூவில் பிடித்திருக்கலாம், ஹப்பின் (சக்கரமும் டிஸ்க்கும் மேலே உட்காரும் நடுப்பகுதி) நடுக் கழுத்தில் பிடித்திருக்கலாம். எது என்று தெரிவதற்கு முன் எடுக்கும் சுத்தி வீண். அதனால் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்தே கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து படிக்கலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்

ஏற்காட்டில் பல வீட்டு வாசலில் நாலு சக்கரமும் சமமாக நிற்க இடம் கிடையாது. சரிவில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. சமதரையான இடம் தேடுங்கள். இல்லையென்றால் வேலையைத் தள்ளிப் போடுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் இழுத்துவிடுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்டு ஆகாது. நாம் இழுக்கப் போகிறோம், அடிக்கப் போகிறோம், வண்டி ஆடும். செங்கல் எந்த அறிவிப்பும் இல்லாமல் உடையும். கழற்றிய சக்கரத்தைச் சேசிஸுக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள், இன்னொரு காவல்.

பிரேக் தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாய் வைத்து அடிப்பதும் நம் ஊரில் வழக்கம். விட்டுவிடுங்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டித் தூக்கிப் போடுங்கள். துரு தெறிக்கும் வேலை, ஆகவே கண்ணாடி போடாமல் சுத்தியைத் தொட வேண்டாம்.

சக்கரமே வரவில்லை

நட்டு எல்லாம் கழற்றியாயிற்று, சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பழைய வண்டியில் முதல் தடையே இதுவாக இருக்கலாம். ரிம்மின் நடு ஓட்டை ஹப்பின் கழுத்தில் துருவால் ஒட்டியிருக்கிறது. ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் டயரை உட்பக்கமிருந்து காலால் மாறி மாறி உதைத்துப் பாருங்கள். வராவிட்டால் நட்டுகளைத் திரும்பப் போட்டு, கையால் முடுக்கி, ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஸ்டாண்டை எடுத்து வண்டியைக் கீழே இறக்கி, சமதரையில் இரண்டு மூன்று அடி முன்னும் பின்னும் மெதுவாக உருட்டுங்கள். வண்டியின் எடையே அந்தத் துருப் பிடிப்பை உடைத்துவிடும், டொக் என்று சத்தம் கேட்கும். நட்டு இல்லாமல் உருட்டுவது, ஐந்து சுற்று தளர்த்திவிட்டு உருட்டுவது இரண்டும் ஸ்டட்டின் (நட்டு ஏறும் தண்டு) மரையைத் தின்றுவிடும்.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றுகிறது என்றால் ஹப்பில் அதன் பல் தேய்ந்துவிட்டது. நட்டை உளியால் பிளக்க வேண்டும் அல்லது அறுக்க வேண்டும். புது ஸ்டட் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

காலிப்பர் வெளியே வர மறுக்கிறது

காலிப்பரின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டீர்கள். காலிப்பர் ஆடுகிறது, ஆனால் டிஸ்க்கை விட்டு வெளியே வரவில்லை. தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பேடு படாத வெளி விளிம்பில் துரு மேடு கட்டியிருக்கும். நடுவில் தேய்ந்து, ஓரத்தில் மேடாகி, டிஸ்க் ஒரு தட்டு மாதிரி ஆகியிருக்கிறது. பேடு அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது.

காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினால் பேடு விலகும். அகலமான ஸ்க்ரூ டிரைவரைப் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் கொடுத்து மெதுவாக நெம்புங்கள், அல்லது காலிப்பரின் முதுகில் சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிஸ்டன் பின்னால் போகும்போது பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். டப்பா நிறைந்து வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும், ஆகவே முன்னாடியே கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

பிஸ்டன் அசையவே இல்லையா? காலிப்பரில் காற்று எடுப்பதற்காக இருக்கும் பிளீடர் நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, அரைச் சுற்றுத் திறந்து திரும்பத் தள்ளிப் பாருங்கள். இப்போது சுலபமாகப் போகிறது என்றால் பிஸ்டனில் குறையில்லை. ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கலாம். திறந்த பிறகும் போகவில்லை என்றால் பிஸ்டனே துருப்பிடித்து இறுகியிருக்கிறது. இது ஒரு நிமிடச் சோதனை, ஆனால் டிஸ்க் ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கருகியது என்பதற்கும் பல சமயம் விடை இங்கேயே கிடைத்துவிடும். நிப்பிளைத் திறந்தால் கடைசியில் பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்தாக வேண்டும், மறக்க வேண்டாம்.

கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கிலோ சேசிஸிலோ கட்டி வையுங்கள்.

டிஸ்க் சுற்றுகிறது, ஆடுகிறது, ஆனால் வெளியே வரவில்லை

டிஸ்க்கைக் கையால் ஆட்டினால் ஹப்பின் மேல் கொஞ்சம் கடகடவென்று ஆடுகிறது. அப்படியானால் துரு ஏற்கெனவே விட்டுவிட்டது. வேறு ஏதோ வழியை மறிக்கிறது. பெரும்பாலும் அது காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட். காலிப்பர் ஒன்று, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் இன்னொன்று. காலிப்பருக்கு இரண்டு சின்ன போல்ட்டு, பிராக்கெட்டுக்கு உட்பக்கமாக இரண்டு பெரிய போல்ட்டு. பேடு மட்டும் மாற்றிப் பழகியவர்கள் பெரிய போல்ட்டைத் தொட்டே இருக்க மாட்டார்கள். சேறு அப்பியிருந்தால் அது இருப்பதே தெரியாது. சில வண்டிகளில் இரண்டும் ஒரே துண்டாக இருக்கும், அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

அந்தப் பெரிய போல்ட்டுகள் முரண்டு பிடிக்கும். ரிங் ஸ்பானரோ ஆறு முக சாக்கெட்டோ போட்டு, நீளமான பைப்பை மாட்டி இழுங்கள். ஓப்பன் ஸ்பானர் தலையை வழுக்கிவிடும். தலையின் மேல் நேராக நாலு தட்டு தட்டிவிட்டு இழுத்தால் பாதி வேலை முடிந்தது மாதிரி.

நடு முகத்தில் ஸ்க்ரூ இருக்கிறது, திரும்பவில்லை

நான் மூன்றரை மணி நேரம் பார்க்காமல் விட்ட ஸ்க்ரூ இதுதான். எல்லா வண்டியிலும் இருக்காது. இருந்தால் ஸ்டட்டுகளுக்கு நடுவில் ஒன்றோ இரண்டோ, முகத்தோடு சமமாகப் புதைந்திருக்கும். தொழிற்சாலையில் வண்டி பூட்டும்போது டிஸ்க் நழுவாமல் இருப்பதற்காகப் போட்டது. ஓடும்போது டிஸ்க்கைப் பிடித்திருப்பது சக்கர நட்டுகள்தான்.

சாதாரண ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினால் தலையின் வெட்டு வட்டமாகிவிடும். அப்புறம் எதுவும் பிடிக்காது. முதலில் வெட்டுக்குள் இருக்கும் துருவை ஆணி வைத்துச் சுரண்டி எடுங்கள். டபிள்யூ டி 40 மாதிரி ஊடுருவும் ஆயிலை அடித்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு சுத்தியால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்துங்கள். கையில் பிடித்துப் பின்பக்கம் அடிக்க வேண்டும்; அடி உள்ளே அழுத்தும்போதே முனை திரும்பும். சேலம் டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். திசை மாற்றும் வளையம் கழற்றும் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். என் மச்சான் பார்க்காமல் நாலு அடி அடித்து நன்றாக முடுக்கிவிட்டான்.

அதற்கும் மசியாவிட்டால் தலையை டிரில் போட்டு எடுத்துவிடலாம். தலை போனதும் டிஸ்க் வந்துவிடும், மிச்சமிருக்கும் தண்டை இடுக்கியால் பிடித்துத் திருகலாம். திரும்பப் பூட்டும்போது புது ஸ்க்ரூ போட்டால் நல்லது, போட முடியாவிட்டாலும் வண்டி ஓட அது தடை இல்லை.

டிஸ்க் கல் மாதிரி நிற்கிறது

ஸ்க்ரூ இல்லை, பிராக்கெட்டும் போயாயிற்று, ஆட்டினால் ஓர் அசைவும் இல்லை. இப்போதுதான் உண்மையான துருப் பிடிப்பு. டிஸ்க் வார்ப்பிரும்பு, ஹப் எஃகு. டிஸ்க்கின் நடு ஓட்டை ஹப்பின் கழுத்தில் இம்மி இடைவெளியோடு உட்கார்ந்திருக்கும். இரும்பு துருவாகும்போது இருந்த இடத்தைவிட அதிக இடம் கேட்கும். இடைவெளிக்குள் துரு வளர்ந்து வளர்ந்து ஆப்பு அடித்த மாதிரி இறுக்கிவிடுகிறது. சேலத்தில் கடற்காற்று கிடையாதே, எப்படி இவ்வளவு துரு என்று கேட்பார்கள். மலையின் மூடுபனியும் மழையும் போதும். அதோடு நாங்கள் ஏற்றும் பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு. மூட்டை கிழிந்து சிந்தி, மழைத் தண்ணீரில் கரைந்து அடியில் வழிந்தால் கடற்கரை வண்டியின் கதிதான்.

ஓர் இடைச்செருகல். சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகு செய்கிறார்களே, டிஸ்க்கை அதிலேயே செய்தால் என்ன என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருமுறை கேட்டார். நல்ல கேள்வி. பைக்கின் டிஸ்க் அந்த வகை எஃகுதான். கனமான வண்டிக்கு வார்ப்பிரும்பைப் போடுவதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் கிராஃபைட் செதில்கள். சூட்டைச் சட்டென்று கடத்தும், அதிர்வை விழுங்கும், விலையும் குறைவு. சூட்டுக்கு ஏற்ற இரும்பு, துருவுக்கு ஏற்றது அல்ல.

சரி, வேலைக்கு வருவோம். ஹப்பின் கழுத்தும் டிஸ்க்கும் சேரும் வட்டத்தை வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். மேலே இருக்கும் துருப்படலத்தை எடுக்காமல் ஆயில் அடித்தால் அது உள்ளே இறங்காது. ஸ்டட்டுகளைச் சுற்றியும் தேயுங்கள். பிறகு ஊடுருவும் ஆயில். ஒரு முறை அடித்துவிட்டு உடனே சுத்தியை எடுப்பதால் பயனில்லை. முதல் நாள் மாலை அடித்து, இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. டீசலும் வேலை செய்யும், ஆனால் சோம்பேறி.

அடுத்து, டிஸ்க்கின் முகத்தில் ஸ்டட் போகாத ஓட்டை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இரண்டு ஓட்டை எதிரெதிராக இருந்து, உள்ளே மரை வெட்டியிருந்தால் உங்களுக்கு யோகம். அது கழற்றுவதற்காகவே போட்ட வழி. பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட்டு, மரை இடைவெளி 1.25 மி.மீ. துருவை எடுத்து, ஆயில் விட்டு, இரண்டு போல்ட்டையும் கையால் முடுக்குங்கள். முனை ஹப்பில் முட்டியதும் ஸ்பானரால் இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாறி மாறி. ஒன்றையே முடுக்கினால் டிஸ்க் சாய்ந்து இன்னும் இறுகும். நன்றாக இறுகியதும் முடுக்குவதை நிறுத்திவிட்டு, ஸ்டட்டுகளுக்கு நடுவில் டிஸ்க்கின் முகத்தில் சுத்தியால் இரண்டு தட்டு. அந்த அதிர்வில் துரு உடையும். திரும்பவும் கால் சுற்று. பொறுமையாகச் செய்தால் டிஸ்க்குக்குச் சேதமே வராது.

மரை ஓட்டை இல்லையென்றால் பிராக்கெட் போல்ட்டின் ஓட்டையைப் பயன்படுத்துங்கள். மேஸ்திரி அண்ணன் காட்டிக் கொடுத்த வழி இது, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். பிராக்கெட்டைக் கழற்றிய இடத்தில், முட்டியின் (ஹப்பைத் தாங்கும் ஸ்டியரிங் நக்கிள்) காதில் ஒரு பெரிய ஓட்டை சும்மா இருக்கும். அதற்குள் போகும் நீளமான போல்ட்டு ஒன்றை, நுனி டிஸ்க்கின் முதுகைப் பார்க்கும்படி உட்பக்கமிருந்து விடுங்கள். டிஸ்க் பக்கம் வந்த நுனியில் ஒரு நட்டையும் வாஷரையும் போடுங்கள். போல்ட்டின் தலையை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, காதில் சாய்ந்து நிற்கும் அந்த நட்டைச் சுற்றினால் போல்ட்டின் நுனி டிஸ்க்கை வெளிப்பக்கம் தள்ளும். நன்றாக இறுகியதும் எதிர்ப்புறம் இரண்டு தட்டு. நட்டைத் தளர்த்தி, டிஸ்க்கைக் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்குங்கள். நாலு பக்கமும் சமமாகத் தள்ளினால் மூன்றாவது சுற்றுக்குள் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

இதற்குப் பிறகுதான் சுத்தி. டிஸ்க்கைத் திரும்பப் பயன்படுத்தப் போகிறீர்களா, பழைய இரும்புக்குப் போடப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திரும்பப் போடுவதாக இருந்தால் மரச்சுத்திதான், அதுவும் நடு முகத்தில் மட்டும். பேடு உரசும் முகத்தில் இரும்புச் சுத்தி பட்டால் டிஸ்க் போயிற்று. தூக்கிப் போடும் டிஸ்க் என்றால் ஒன்றரைக் கிலோ சுத்தியால் பின்பக்கமிருந்து விளிம்பில் அடிக்கலாம். ஒரே இடத்தில் பத்து அடி வேண்டாம், ஓர் அடி, கொஞ்சம் சுற்று, ஓர் அடி. ஸ்டட்டின் நுனியில் சில மரை மட்டும் பிடிக்கும்படி இரண்டு நட்டை மாட்டி வையுங்கள். டிஸ்க் திடீரென்று வரும். காலில் விழாமல் நட்டு பிடிக்கும். ஒவ்வொரு அடியும் பேரிங்கின் உருளைகள் வழியாகத்தான் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். எனக்கு அது செலவு வைத்துச் சொல்லிக் கொடுத்த பாடம்.

ஒரு பக்கம் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது

மேல் பக்கம் 2 மி.மீ. இடைவெளி, கீழ்ப்பக்கம் ஒட்டியே இருக்கிறது. இப்போது உற்சாகத்தில் மேல் பக்கத்தையே அடித்தால் அது வராது. டிஸ்க் சாய்ந்து கழுத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது. வந்த பக்கத்தைத் திரும்ப உள்ளே தட்டுங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நேராக உட்கார்ந்ததும் ஆயில் விட்டு, வராத பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். உள்ளே வெளியே என்று நாலு முறை போய் வந்தால் துரு பொடியாகிக் கொட்டிவிடும்.

சூடு காட்டலாமா?

கேஸ் டார்ச் வைத்திருப்பவர்கள் முதலில் இதைத்தான் செய்வார்கள். நான் கடைசியில் வைப்பேன். கணக்கைப் பாருங்கள்: நடு ஓட்டை 60 மி.மீ. என்றால், 150 டிகிரி சூடு ஏறும்போது அது விரிவது சுமார் 0.1 மி.மீ. துருவை விடுவிக்க அது போதும். ஆனால் ஹப்பும் கூடவே சூடானால் அந்த லாபமும் போய்விடும். ஆகவே தீயை டிஸ்க்கின் நடு முகத்தில் சுற்றிச் சுற்றி வேகமாகக் காட்ட வேண்டும், கழுத்தில் நிறுத்தக் கூடாது. உள்ளே பேரிங்கின் கிரீஸும் ஆயில் சீலும் இருக்கிறது, பக்கத்தில் பிரேக் ஹோஸ் இருக்கிறது, புது வண்டியானால் ஏபிஎஸ் சென்சாரும் இருக்கும்.

ஊடுருவும் ஆயில் தீப்பிடிக்கும். முழுக்கத் துடைத்த பிறகே தீ. அதைவிட முக்கியம்: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். தீ காட்டப் போகிற இடத்தில் கிளீனரே வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது டிஸ்க்கை வெடிக்க வைக்கலாம். அப்படிச் சூடு காட்டிய டிஸ்க்கைத் திரும்பப் பூட்டாதீர்கள்.

அதற்கும் வராவிட்டால் கிரைண்டரால் எதிரெதிராக இரண்டு கோடு வெட்டி, உளி வைத்துப் பிளக்கலாம். வார்ப்பிரும்பு நொறுங்கக்கூடியது, கடைசி ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும்போதே நிறுத்தி உளியால் உடையுங்கள். ஹப்பில் வெட்டு விழாது.

ஹப் முகம் வெளியே தெரிகிறது, டிஸ்க் பின்னால் இருக்கிறது

இதுவரை சொன்னது எல்லாம் ஹப்பின் மேல் தொப்பி மாதிரி கவிழ்ந்திருக்கும் டிஸ்க்குக்கு. பழைய பிக்கப்புகளில் இன்னொரு வகையும் உண்டு. சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்டட்டுகள் நிற்கும் ஹப்பின் முகமே நேராகக் கண்ணில் படும். டிஸ்க் அதற்குப் பின்னால் போல்ட்டுகளால் பூட்டியிருக்கும். இந்த வகையை எவ்வளவு அடித்தாலும் வராது, வரவும் கூடாது. நடுவில் இருக்கும் கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிலிட் பின்னையும் நட்டையும் கழற்றி, வாஷரையும் வெளிப் பேரிங்கையும் எடுத்து, ஹப்பும் டிஸ்க்குமாகச் சேர்த்து வெளியே இழுக்க வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் முன்னால் இன்னும் நிறைய உறுப்புகள் உண்டு. கையேடு இல்லாமல் இறங்க வேண்டாம்.

வெளியே எடுத்த ஹப்பைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்துப் போல்ட்டுகளுக்கு ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். போல்ட்டை உடைக்காமல் எடுப்பதுதான் இங்கே கெட்டிக்காரத்தனம். கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் முடுக்கி, திரும்பக் கழற்றி என்று போக வேண்டும். பேரிங் கப் இருக்கும் இடத்தை வைஸில் நெருக்கக் கூடாது.

திரும்பப் பூட்டும்போது புது சீல், புது ஸ்பிலிட் பின், புது கிரீஸ். பழைய கிரீஸோடு புதியதைக் கலக்காமல், பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, உருளைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் அழுத்தி நிரப்புங்கள். நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே முடுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் தளர்த்தி, பிறகு கையேட்டில் இருக்கும் அளவுக்கு லேசாக முடுக்க வேண்டும். இறுக முடுக்கிவிட்டால் பேரிங் சூடேறிப் போகும். தளர விட்டால் சக்கரம் ஆடும். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்வதில் வெட்கமே இல்லை.

டிஸ்க் மாற்றியும் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது

கழற்றுவதில் காட்டிய பொறுமையைப் பலர் பூட்டுவதில் காட்டுவதில்லை. ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துருச் செதில் காகிதத் தடிமன் இருந்தாலும் போதும், டிஸ்க் கோணலாக உட்காரும். ஓரத்துக்குப் போகும்போது கோணல் பெரிதாகும். டிஸ்க்கின் ஓரத்து ஆட்டம் 0.1 மி.மீ. தாண்டினாலே பல வண்டிகளில் அளவுக்கு மீறியது. வயர் பிரஷ், உப்புத்தாள் போட்டு ஹப்பின் முகத்தையும் ஸ்டட்டுகளின் அடியையும் இரும்பு நிறம் வரும்வரை தேயுங்கள். புது டிஸ்க்கை மாட்டி, நட்டுகளை வாஷரோடு போட்டு இறுக்கி, கையால் சுற்றிப் பாருங்கள்; பின்னால் இருக்கும் தகரத் தடுப்பு அடிபட்டு வளைந்திருந்தால் அப்போதே உரசல் சத்தம் கேட்கும், கையால் நிமிர்த்திவிடலாம்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க ஆயில் பூசி வரும், பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். ஹப்பின் கழுத்தில் மட்டும் காப்பர் கிரீஸ் மெல்லிசாக ஒரு பூச்சு. அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். ஸ்டட்டின் மரையிலோ பேடு உரசும் முகத்திலோ அது படக் கூடாது. பழைய டிஸ்க்கையே திரும்பப் போடுவதாக இருந்தால் அதன் ஓரத்தில் வார்த்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பாருங்கள். லேத்தில் முகம் எடுத்த பிறகும் அதைவிட அதிகம் இருக்க வேண்டும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

வண்டியை எடுப்பதற்கு முன்

பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறீர்கள். ஆகவே முதல் சில மிதிக்குப் பெடல் தரைக்குப் போகும், பிரேக் இருக்காது. என்ஜினைப் போடுவதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை மறந்து வாசல் சுவரில் இடித்தவர்கள் உண்டு. பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் காற்று இருக்கிறது, எடுத்தாக வேண்டும்.

அதோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. பாரம் ஏற்றிக்கொண்டு பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் காலிப்பருக்குள் இந்தச் சூடு ஏறுவது பெரிய விஷயம் இல்லை. ஆயில் கொதித்து ஆவியானால் மிதி உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. இரண்டாம் கியரில் என்ஜின் பிடிப்பிலேயே இறங்குங்கள்.

புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். முதல் ஓட்டம் மலையில் வேண்டாம். கோரிமேடு பக்கத்து நேர்சாலையில், பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, ஆறவிட்டு, திரும்பவும் என்று ஒரு பத்து முறை செய்யுங்கள். முழுசாக நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்க வேண்டாம். அப்புறம் மலையேறி ஒரு நடை போய் வாருங்கள். இறங்கி வந்து அடிவாரத்தில் டீக்கு நிறுத்தும்போது இரண்டு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ரிம்மைத் தொட வேண்டாம், அருகில் வைத்தாலே தெரியும். ஒரு பக்கம் மட்டும் நெருப்பாகக் கொதித்தால் அந்தக் காலிப்பர் இன்னும் விடவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஆறவிட்டு, வீல் ஸ்பானரை எடுத்து நட்டுகளை எதிரெதிராக ஒரு முறை சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.